பர்லியாரில் நின்ற பேருந்து

அன்புள்ள டிரைவரண்ணா,

"ஏனுங்க டீச்சர், வண்டி நின்னு பத்து நிமிசமாச்சு. இன்னும் எதுக்குங்க அந்தக் கம்பியப் புடிச்சுட்டு இருக்கறீங்க?"

நேற்றுக் காலை குன்னூரில் ஒரு லாரி, பிரேக் தீய்ந்த நாற்றத்தோடு என்னருகே வந்து நின்றது. உடனே உங்கள் கேள்விதான் காதில் கேட்டது. நீங்கள் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் அதைக் கேட்ட அன்று என் பையில் என்ன இருந்தது என்று உங்களிடம் நான் சொன்னதே இல்லை.

எஸ்டேட் பள்ளியில் மூன்று ஆண்டுகளாக இரண்டு பேர் வேலையை நான் ஒருத்தியே பார்த்துவந்தேன். தூக்கம் போயிற்று. மணி அடித்தால் நெஞ்சு படபடக்கும். கோடை விடுமுறை விட்ட பிறகும் எதுவும் குறையவில்லை. இனி பாடம் நடத்த நான் லாயக்கில்லை என்று முடிவு கட்டி, ராஜினாமாக் கடிதத்தோடு கோயம்புத்தூர் நிர்வாக அலுவலகத்துக்குக் கிளம்பியிருந்தேன். தினமும் பள்ளிக்குப் போகும் அதே வண்டி, உங்கள் முதுகுக்குப் பின்னால் அதே இருக்கை.

மலையிறக்கத்தில் பர்லியாருக்கு வந்தபோது பிரேக் தீயும் நாற்றம் தாங்கவில்லை. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தீர்கள். "காலை எடுத்தாலும் பிரேக்கு உட மாட்டீங்குது. அதான் சக்கரம் கொதிக்குது" என்று கண்டக்டரிடம் சொன்னீர்கள். பட்டு வேட்டி கட்டிய பயணி ஒருவர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"ஊத்தீராதீங்க. சூட்டுல பிரேக் டிரம் வெடிச்சுப் போயிரும். தானா ஆறட்டும்."

"பன்னெண்டு மணிக்கு முகூர்த்தமுங்க டிரைவரே. நீங்க வந்து தாலி எடுத்துக் குடுப்பீங்களா?"

"அவசரம்னா இப்படியே உருண்டு போயிருங்க. வண்டிக்கு முந்திச் சேந்துருவீங்க."

எல்லாரும் சிரித்தபடி இறங்கினார்கள். நான் மட்டும் உள்ளே இருந்தேன். அப்போதுதான் சன்னல் வழியாகப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். குனிந்து பார்த்தேன். முன்கம்பியைப் பிடித்திருந்த விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. வண்டி நின்றது என் கைகளுக்குத் தெரியவில்லை. விடுமுறைக்குப் பள்ளி மூடியது என் உடம்புக்கும் தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் வாங்கித் தந்த பலாச்சுளையைத் தின்றுவிட்டு, சாலையைக் கடந்து, மேலே போகும் பேருந்தில் ஏறி வீட்டுக்குத் திரும்பினேன். ராஜினாமாவுக்குப் பதில் நீண்ட விடுப்புக்கு எழுதினேன். உறவினர்கள் ஆளுக்கொரு டானிக்கோடு வந்து, "சீக்கிரம் எந்திரிச்சு நடமாடு" என்றார்கள். எனக்கு அந்த வாளித் தண்ணீர்தான் நினைவுக்கு வந்தது. நான் போய்ப் பார்த்த டாக்டரும் அவசரப்படுத்தவில்லை. மெல்ல நடந்தேன், பகலில் சும்மா படுத்திருக்கக் கற்றேன். நான்காம் மாதம் ஒருநாள் விடியும்வரை தூங்கிவிட்டேன். திரும்ப வேலையில் சேருமுன் இன்னோர் ஆசிரியர் வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள்.

பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள், மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்த என்னைக் கண்ணாடியில் பார்த்தீர்கள். "இப்பப் புடிச்சுக்குங்க டீச்சர், வண்டிய எடுக்கப் போறேன்" என்றீர்கள். அதன்பின் ஓய்வு பெறும்வரை பாடம் நடத்தினேன். இன்றும் எங்காவது காத்திருக்கும்போது என் பார்வை தானாகக் கைக்குப் போய்விடுகிறது.

இதைப் படிக்கிறவர்களும் இப்போதே தங்கள் கையைப் பார்க்கட்டும். இறுகியிருந்தால், ஒவ்வொரு விரலாகத் தளர்த்திவிடட்டும்.