டயருக்குள் இன்னொரு கை

நேற்று ஒரு புது டியூபின் உறையைப் பிரித்து உதறினேன். வெள்ளைப் பவுடர் மூக்கில் ஏறி அடுக்குத் தும்மல் வந்தது. "கல்யாணத்தன்னைக்குப் பவுடர் பூசுனதுக்கும் இப்படித்தானலே தும்முன" என்று நீ வழக்கமாகக் கேலி செய்வாய். தும்மி முடித்ததும் நீ நிற்கும் பக்கம் திரும்பினேன். கடையில் கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

துறைமுகச் சாலையில் நாம் கூட்டாகக் கடை போட்ட நாளிலிருந்து ஒரு வழக்கம். மாட்டுகிறவன் ஒருவன், பார்க்கிறவன் இன்னொருவன். டியூபில் கொஞ்சம் காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, வால்வடியில் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். உப்புக்காற்று தின்ற ரிம்மைத் துருப்போகத் தேய்ப்பேன். டயருக்குள் தடவி, முள்ளோ கம்பியோ இருந்தால் பிடுங்குவேன். பிறகு டயரை விரித்து உன் பக்கம் நீட்டுவேன். நீ மறுபடி முதலிலிருந்து தடவுவாய். எனக்கு எரிச்சலாக வரும். "நான் என்ன குருடனாலே?" என்பேன். "செஞ்ச கைக்கு எப்பம் முடியும்னுதான் இருக்கும். அதுக்கு ஒண்ணும் தட்டுப்படாது" என்பாய்.

நீ போய்ச்சேர்ந்த பிறகும் பழக்கதோஷத்தில் டயரை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன். வண்டிக்காரர்கள் தங்களிடம் தருவதாக நினைத்து வாங்க வருவார்கள். வெட்கமாகப் போய்விடும்.

நேற்றைய டியூப் யாருக்கென்று நினைக்கிறாய்? உன் மகளுக்கு. உன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாசரேத் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் அதில்தான் போகப்போகிறாளாம். உப்பளத்து ஓரம் பின் சக்கரத்தில் உடைமர முள் ஏறிவிட்டது. "நாளைக்குத்தான் வேலைக்கு முதல் நாளு சித்தப்பா, நல்லாப் பாத்துக் குடுங்க" என்றாள்.

முள்ளைப் பிடுங்கினேன். உள்ளே தடவினேன், ஒன்றுமில்லை. மறுபடியும் தடவினேன். ஒன்றுமில்லைதான், ஆனால் மாட்டக் கை வரவில்லை. வழியில் ஏரல் பக்கம் வேகமாகப் போகும்போது காற்று இறங்கினால்? பின்னாலேயே லாரி வந்தால்? உன் கை வேண்டியிருந்தது எனக்கு.

திட்டாதே. டயரைத் தூக்கிக்கொண்டு எதிர் பஞ்சர் கடைக்குப் போனேன். ஆமாம், அவனிடம்தான். நாம் பழைய டியூபைப் புதுசென்று மாட்டுவதாக ஊரெல்லாம் சொன்னவனிடம். "அவங்கூடப் பேசுனா எங்கூடப் பேசாத" என்று நீ சொல்லியிருந்தாய். இப்போது மட்டும் நீ என்னோடு பேசுகிறாயாக்கும்!

"உள்ள ஒருக்காப் பாரு" என்றேன். அவன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற வண்டியைப் பார்த்தான். உன் வண்டி அவனுக்குத் தெரியாதா? கையைக் கழுவிக்கொண்டு வந்தான். சுற்றித் தடவியவன் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"இங்கன ஒண்ணு ஒடிஞ்சி நிக்கி அண்ணாச்சி."

முள் நுனி. நான் இரண்டு தடவை தடவிய இடம். அவன் நினைத்திருந்தால் இதையும் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கலாம். குறட்டால் நுனியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "புள்ள எங்க வரைக்கும் போவுது?" என்று மட்டும் கேட்டான்.

இன்று காலை அவள் கிளம்பியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்க்கடைக்காரனும் அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்த்தான். ஒருவழியாகக் கூப்பிட்டாள். பின்னால் ஒரே பிள்ளைகள் சத்தம். "பத்திரமா வந்துட்டேன் சித்தப்பா. வண்டி நல்லா ஓடுச்சி."

அவனுக்குக் கையைக் காட்டினேன். தலையாட்டிவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போனான்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடை வாசலில் நின்று யார் யாரையோ பார்த்தேன். டீக்கடையில் சொல்லலாம், "அப்படியா" என்பார்கள். டயருக்குள் விட இன்னொரு கை கிடைத்துவிட்டது. இந்தச் சந்தோஷத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

ஏலே, உம் மவ பத்திரமாப் பள்ளிக்கூடம் போயிட்டா.