ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்

நெமிலிச்சேரி,
14-3-93

அன்பு மகள் சாமுண்டீஸ்வரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பி சம்பத்தும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், பிலாஸ்பூரில் ரயில்வே வேலையில் இருக்கிற நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முட்டிவலி குறையவில்லை, சைக்கிளை மட்டும் விடமாட்டேன் என்கிறார். சம்பத் அம்பத்தூரில் லேத் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், சட்டையெல்லாம் எண்ணெய், துவைத்துத் துவைத்து என் கைதான் தேய்கிறது. ரயில்வே நீச்சல் போட்டியில் நீ முதலாவதாக வந்ததைப் படித்துவிட்டு அப்பா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஹாஸ்டல் பெண்கள் உன்னைக் கறுப்பி என்று இந்தியில் கேலி பண்ணியதையும், நீ தொட்ட பக்கெட்டைத் தொடாமல் ஒதுக்கியதையும் ஜெயித்த பிறகுதான் எழுதுகிறாய், அவ்வளவு அழுத்தமா உனக்கு. அவர்களையெல்லாம் பின்னால் விட்டுச் சுவரைத் தொட்டதும் அவர்களே வந்து கை கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நான் அழுதுவிட்டேன்.

அந்தச் சந்தோஷத்தை நானே கெடுத்துக்கொண்டேன். சொன்னால் உனக்குக் கோபம் வரும், வரட்டும். இரண்டு வாரத்துக்கு முன் நான் கூட்டிப் பெருக்கும் ஆபீசர் கிளப்பில் உனக்குப் பாராட்டு விழா வைத்து, நீ இல்லாததால் என்னையும் அப்பாவையும் கூப்பிட்டார்கள். பழக்கத்தில் பின்வாசல் பக்கம் போய்விட்டேன், வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே, இன்னிக்கி முன்னால வாங்கம்மா என்று திருப்பி அனுப்பினார். மேடையில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். செக்ரட்டரி சண்முகசுந்தரம் பேசும்போது, இந்தக் கிளப்தான் சாமுண்டீஸ்வரியை வளர்த்தது, ஏழைப் பிள்ளைகளுக்கு எங்கள் நீச்சல் குளம் எப்போதும் திறந்திருக்கிறது என்றார். எப்படித் திறந்திருந்தது என்று உனக்குத் தெரியாதா. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் வாரம் முழுக்கக் குளித்து முடித்து, ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் தண்ணீரை வெளியே விடப்போகிற நேரத்தில்தானே நம் காலனிப் பிள்ளைகளை இறங்க விடுவார்கள். நாம் இறங்கிய தண்ணீரில் அவர்கள் மறுபடி இறங்கக் கூடாது, அதற்குத்தான் அந்த நாள். அந்தப் பாசித் தண்ணீரில் நீந்திக் கண் சிவந்து வந்து நிற்பாய், நான் புடவைத் தலைப்பால் ஒற்றிவிடுவேன். இவ்வளவும் தெரிந்தவள் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கையில் கொடுத்தார், எல்லாம் ஐயாமாருங்க போட்ட பிச்சைங்க என்று சொல்லிவிட்டேன். சம்பளம் வாங்கும்போதும் தீபாவளிப் புடவை வாங்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், யோசிப்பதற்குள் வந்து விழுந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள், சால்வை போட்டார்கள், நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா வழி முழுக்கச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து, இன்னாமே அப்டி சொல்லிட்டே, நம்ம பொண்ணு நீஞ்சி எடுத்துகினு வந்தது பிச்சையா என்று மட்டும் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனபோது, எதிர்வீட்டுச் சின்னப்பையன் இருக்கிறாரே, அவர் மகள் அங்கம்மா இன்னும் சில பிள்ளைகளோடு கம்பிவேலிக்கு வெளியே துண்டும் கையுமாக நின்றாள், நீ நின்ற அதே இடம். என்னைப் பார்த்ததும், பெரிம்மா, உன்ன மேடையில குந்த வச்சாங்களே, எங்களையும் ஒரு நாளு நல்ல தண்ணில வுடச் சொல்லேன், நீ சொன்னா கேப்பாங்க என்றாள். பிச்சை என்று நானே மைக்கில் சொன்ன பிறகு எந்த முகத்தோடு போய்க் கேட்பேன். பார்க்கலாம்மா என்று சொல்லிவிட்டு தரையில் கிடந்த தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போய்விட்டேன். உன் பேரைச் சொல்லிக் கேட்கக் கிடைத்த நல்ல நேரத்தை என் வாயாலேயே தொலைத்தேன், அதுதான் என்னை அரிக்கிறது.

மே மாதம் குளத்துக்குப் புது டைல்ஸ் போட்டுத் திறக்கிறார்களாம். புதுத் தண்ணீரில் முதல் ஆளாக உன்னை இறக்கிப் போட்டோ எடுக்க வேண்டும், எழுதி வரவழையுங்கள் என்று விழா அன்றே செக்ரட்டரி சொன்னார். உன்னைக் கேட்காமலே அதற்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். வராதே என்றுதான் முதலில் எழுத நினைத்தேன், இப்போது வா என்கிறேன். ஆனால் தனியாக இறங்காதே. அங்கம்மாவையும் மற்றப் பிள்ளைகளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கு, அவர்களை விடாவிட்டால் நீயும் இறங்காதே. என் வேலை போய்விடுமோ என்று தயங்காதே, பெருக்குவதற்கு வேறு இடம் இல்லாமலா போகும்.

லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, கோடையில் ரயிலில் இடம் கிடைக்காது. அங்கே வெயில் ஆரம்பித்திருக்கும், மோர் நிறையக் குடி. வேம்புலியம்மன் உன் கூடவே இருப்பாள், உனக்கு ஒரு குறையும் வராது. நீ வரும்போது உன்னிடமும் மைக்கைக் கொடுப்பார்கள். எங்கம்மா சொன்னது தப்பு என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிடு. நானே சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தைரியம் வரவில்லை. நீ சொல்லும்போது நான் தலை குனியாமல் உட்கார்ந்து கேட்பேன், அந்த அளவுக்கு என்னால் முடியும் கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
து. கன்னியம்மா