கறிச்சட்டியில் உறைந்த கொழுப்பு

ஏனுங்க, இன்று காலையில் கறிச்சட்டியைத் திறந்தேன். உப்புக்கூடப் போடாமல் நேற்று வேகவைத்த செம்மறிக் குட்டிக் கறியின் மேல், கொழுப்பு அப்பளம் போல வெள்ளையாக உறைந்து கிடந்தது. கரண்டியை விட்டு நெம்பினேன். உடையாமல் வந்தது. உங்களிடம் காட்டத்தான் திரும்பினேன்.

உங்கள் நெஞ்சுக்குக் கொழுப்பு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, செம்மேட்டுக் கறிக்கடையில் நாம் அடித்த கூத்து கொஞ்சமா? "கொழுப்பை எடுத்துடுங்க பாய்" என்பேன் நான். நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவீர்கள். பாவம், அவர் யார் பேச்சைக் கேட்பார்? ஒருநாள் துண்டைத் திருப்பிக் காட்டினார். "மேல இருக்கறதை வெட்டிடலாம்மா. உள்ள நூல் நூலா ஓடுதே, அதை எந்தக் கத்தியால எடுக்கறது?" அப்போது உங்கள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே!

கத்தியால் ஆகாததை நம் மலைக்குளிர் செய்தது. வெறுமனே வேகவைத்து ஆறவிட்டு, விடிந்ததும் உறைந்ததை எடுத்தெறிந்துவிட்டுத்தான் குழம்பு கூட்டுவேன். "நேத்து எடுத்த கறிய இன்னிக்குத் திங்கச் சொல்றியே புள்ள" என்று முறைப்பீர்கள். பிறகு எறியவும் விடவில்லை. உருக்கி ஒரு டப்பாவில் ஊற்றி வைத்து, குளிரில் பாளம் பாளமாக வெடித்த என் குதிகாலை மடியில் இழுத்துப் போட்டுத் தேய்த்துவிட்டீர்கள். "எனக்குத்தான் ஆகாது. உன்ற காலாச்சும் திங்கட்டும்."

கடைசியில் நெஞ்சு உங்களை ஒன்றும் செய்யவில்லை. போன மழைக்கு வந்த காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. நான் ஒரு பக்கம் காவல் நிற்க, அது வேறு பக்கமாக வந்தது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

என்னை எந்த டாக்டரும் எதையும் விலக்கச் சொல்லவில்லை. "அப்பாதான் இல்லீங்களே, இன்னும் எதுக்கும்மா ஆற வெக்கறீங்க?" என்று மகள் கேட்கிறாள். டப்பா காலியாகிவிட்டது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

நேற்று கடையில், "கொழுப்பை எடுக்க வேண்டாங்க பாய்" என்றேன். அவர் கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.

இப்போதுதான் உருக்கி உங்கள் டப்பாவில் ஊற்றி வைத்தேன். குனிந்து தேய்ப்பதுதான் சிரமம். ஆனாலும் பாருங்கள், இந்தக் குளிருக்கும் என் காலில் ஒரு வெடிப்பு இல்லை.