கீழ்த்தளம்

முத்தியால்பேட்டை,
மார்ச் 1958

என் அன்பு மனைவிக்கு,

நீ முதலியார்பேட்டைக்கு உன் அம்மா வீட்டுக்குப் போய் எட்டு நாளாகிறது. "என் பக்கத்துல படுக்கப் புடிக்கலன்னா எதுக்குங்க தாலி கட்டுனீங்க? மொட்டை மாடியையே கட்டிக்க வேண்டியதுதானே?" என்று கேட்டுவிட்டுப் போனாய். அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம்.

கடலில் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் ஒரு விதி உண்டு. வேலை நடக்கும்போது கீழ்த்தளத்தில் யாரும் இருக்கக் கூடாது. வெடித்தால் கீழே இருப்பவன் பிழைக்க மாட்டான்.

என் கப்பலை உடைக்கப் போகிறார்கள். கடைசி கேப்டன் என்பதால் அதன் பணி வரலாற்றை என்னை எழுதச் சொன்னார்கள். பர்மா கரை, நாற்பத்தொரு கண்ணிவெடிகள், எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு வரிதான் மிச்சமிருந்தது.

போர் முடிந்த வருஷம், பர்மா கரையில் வேலை நடந்துகொண்டிருந்தபோது, சமையற்காரர் தெய்வசிகாமணியை டீ போட்டு வரக் கீழே அனுப்பினேன். "தோ வந்துட்டேன் சார்" என்று இறங்கினார். அவர் கீழே இருக்கும்போதே கண்ணி வெடித்தது. உடலைத்தான் மேலே தூக்கி வந்தோம். அவராகவே இறங்கினார் என்று அன்று அறிக்கை கொடுத்தேன். அதன் பிறகு நான் கூரைக்குக் கீழே தூங்கியதில்லை.

இன்று காலை அந்த வரியை எழுதினேன்: நான்தான் அனுப்பினேன். தபாலிலும் சேர்த்துவிட்டேன். என்ன செய்வார்களோ, தெரியாது.

பாயை அறைக்குள் கொண்டுவந்து போட்டிருக்கிறேன். கதவோரம் எனக்கு. கதவை மட்டும் சாத்தச் சொல்லாதே.

வந்துவிடு.

இப்படிக்கு,
மாடியிலிருந்து இறங்கியவன்