பாதியில் விட்டால் வெட்டு

பிப்ரவரி 11

லாண்டரியில் பெரிய உருளை நின்றுபோனது. ஆஸ்பத்திரிப் போர்வை அத்தனையையும் கையாலேயே இஸ்திரி போட்டோம். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து பையனின் அறையைப் பெருக்கினேன். அவனுடைய விளையாட்டு மிஷினை விற்கச் சொல்லி நாத்தனார் நச்சரிக்கிறாள். ஓடுகிறதா பார்ப்போம் என்று போட்டேன். திரையில் ஒரு வரி வந்தது: ‘இந்தக் கணக்கு இப்போது வேறு இடத்தில் பயன்பாட்டில் உள்ளது.’

வேறு இடத்தில்!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறான். எங்கேயோ உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறான். படுபாவி, எனக்கு ஒரு போன் போட உனக்குக் கையில்லையா?

பிப்ரவரி 12

தூக்கமில்லை. போன வருஷத்தையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

என் வீட்டுக்காரர் இவருக்கு நெஞ்சுவலி கூட வந்ததில்லை. லாரி வந்து இடித்ததற்கு யார் என்ன செய்ய முடியும்? கார் ஓட்டியது பையன். இவர் பக்கம்தான் நசுங்கியது. காரியத்தன்று, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கும்போது நாத்தனார் எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்: “ஓட்டினவனுக்கு ஒரு கீறல் இல்ல. என் தம்பி போயிட்டான்.” பையன் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தான். நான் பார்த்தேன். அடுத்த வாரம் அவனைக் காணவில்லை. போன் எண்ணும் உபயோகத்தில் இல்லை. போலீஸில் கேட்டால், “வயசு வந்த பையன்மா, தானா வருவான்” என்கிறார்கள். வருவானாம்.

பிப்ரவரி 14

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கிற குண்டுத் தம்பி இந்த விளையாட்டில் கிறுக்கு. நாற்பது வயசாகிறது, வெட்கமே கிடையாது. அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

“அக்கா, அவன் கணக்குல நீங்க நுழைஞ்சா அவன் வெளிய தள்ளப்பட்டுடுவான். பயந்துடுவான். உங்களுக்குன்னு புதுசா ஒண்ணு திறப்போம். அவன் பேரு என்ன, விளையாட்டுல?”

‘ஈரவிறகு’ என்றேன். இவர் வைத்த பட்டப்பெயர். எதைச் சொன்னாலும் சட்டென்று பற்றிக்கொள்ளமாட்டான் என்று கேலி. அதையே அவன் வைத்துக்கொண்டான். தம்பி தன் போனில் தேடிப் பார்த்தார். முகம் மாறியது.

“இவன் உங்க பையனா? தினம் சாயங்காலம் விளையாட்டுல வர்ற படகுத்துறையில நிப்பான்க்கா. இவனை இன்னும் ஒருத்தரும் ஜெயிக்கல.”

பிப்ரவரி 17

தேநீர் இடைவேளையில் தம்பி முழுக்கதையையும் சொன்னார். கத்தி வைத்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஜப்பானில் சாமுராய் வீரர்கள் இருந்த காலம். உப்புக்கோட்டைத் தலைவன் பனிமூட்டத்தில் ஆற்றைக் கடக்கிறான். துடுப்புப் போடுகிறவனும் ஒரு சாமுராய். படகு கவிழ்கிறது. தலைவன் சாகிறான், துடுப்புப் போட்டவன் பிழைக்கிறான். நாம் ஆடுவது அவனாகத்தான்.

“தலைவன் செத்து தான் பிழைச்சா, அவனுக்கு வீடே கிடையாதுக்கா. அலைஞ்சு, சண்டை போட்டு, கடைசியில கோட்டைக்கு வரணும். கதவுக்குப் பின்னால தலைவனோட மனைவி இருக்காங்க. ஒண்ணு, தலைவனோட மேலங்கியைக் குடுப்பாங்க, வீட்டுக்குள்ள வான்னு அர்த்தம். இல்லன்னா குறுவாளைக் குடுப்பாங்க.”

“குறுவாள் எதுக்கு?”

தம்பி தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “தானே முடிச்சுக்க.”

“எம்பையன் கோட்டைக்குப் போனானா?”

“அதான் ஆச்சரியம். துறையிலேர்ந்து கதவு கூப்பிடு தூரம். ஒருநாளும் போகல.”

கழிவறையில் போய் அழுதேன். டேய், அந்தப் பொம்பளை என்ன குடுப்பாளோன்னு நிக்கிறியா? எங்கிட்ட கேளுடா. நான் இருக்கேன்ல?

பிப்ரவரி 20

என் பெயர் ‘ஈரவிறகின் அம்மா’. இந்த விளையாட்டில் பேச முடியாது, எழுத முடியாது. தலைக்குமேல் பெயர் தெரியும், சைகை செய்யலாம், அவ்வளவுதான்.

முதல் காட்டிலேயே செத்தேன். ஒரு குரங்கு கொன்றது.

பிப்ரவரி 26

மறுபடி குரங்கு.

மார்ச் 5

குரங்கைத் தாண்டிவிட்டேன்! லாண்டரியில் சொன்னால் யாருக்கும் புரியாது. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

மார்ச் 13

நாளைக்குத் துறையை எட்டிவிடலாம் என்கிறார் தம்பி. மரியாதை செய்யக் கற்றுக்கொடுத்தார். முக்கோணப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் நம் ஆள் மண்டியிட்டு வாளைக் கீழே வைப்பான். உன்னோடு எனக்குச் சண்டையில்லை என்று அர்த்தம். “பாதியில மட்டும் விட்டுடாதீங்க அக்கா. விட்டா உங்க ஆள் வெட்டிடுவான்” என்றார்.

மார்ச் 14

வெட்டிவிட்டேன்.

மார்ச் 15

எழுதித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

துறையில் நின்றிருந்தான். வைக்கோல் தொப்பி. தலைக்குமேல் ‘ஈரவிறகு’. என்னைப் பார்த்ததும் வாளில் கைவைத்தவன், என் பெயரைப் படித்திருக்கவேண்டும், கையை எடுத்துவிட்டான். அசையவே இல்லை. கிட்டே வந்து, என் முன்னால் தலையைக் குனிந்தான்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முக்கோணத்தை அழுத்தினேன். விரல் வழுக்கியது. விட்டுவிட்டேன். ஒரே வீச்சு.

அவன் தடுக்கவில்லை. யாராலும் ஜெயிக்கமுடியாதவன், குரங்கிடம் சாகிற என்னைத் தடுக்கவில்லை. ‘எதிரி வீழ்ந்தான்’ என்று போட்டது. எதிரியாம்.

அம்மா குறுவாளைக் கொடுத்துவிட்டாள் என்றுதானே நினைத்திருப்பான்? ஐயோ, நான் என்ன பண்ணுவேன்.

மார்ச் 17

ஈரவிறகைக் காணவில்லை. கணக்கே திறக்கப்படவில்லை என்கிறார் தம்பி.

மார்ச் 19

இல்லை. விளையாட்டுக் கம்பெனிக்குத் தம்பி ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டார். யார் எங்கிருந்து ஆடுகிறார்கள் என்று சொல்லமாட்டார்களாம். மறுபடி போலீஸுக்குப் போனேன். “கேம்ல வெட்டினதுக்கெல்லாம் கேஸ் எழுத முடியாதும்மா” என்று ஒருவன் சிரித்தான். மேசையில் இருந்த பேப்பர்வெயிட்டை எடுத்து அவன் மண்டையில் போடலாம்போல் இருந்தது. அவனைச் சொல்லி என்ன பயன்? பிள்ளை எந்த ரயில் பாதையில், எந்தப் பாலத்தில் நிற்கிறானோ. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் லாண்டரியிலிருந்து ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

மார்ச் 20

தம்பி ஒரு வழி சொன்னார். பெயரை மாற்றலாமாம். “பேச முடியாட்டி என்ன, உங்க பேரே பேசட்டும்.” வாரத்துக்கு ஒருமுறைதான் மாற்றலாம், சில எழுத்துகள்தான் கொள்ளும். ஒரு தாள் முழுக்க எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் என் பெயர்: ‘கைதவறிடுச்சுடா’.

துறையில் போய் வாளைக் கீழே வைத்து உட்கார்ந்தேன். இந்தமுறை விரலை எடுக்கவே இல்லை.

மார்ச் 24

வாளைக் கீழே வைத்தவளை யார் வேண்டுமானாலும் வெட்டலாம். வருகிறவன் போகிறவன் எல்லாம் வெட்டுகிறான். எழுந்து வந்து மறுபடி உட்காருகிறேன். கட்டைவிரல் வீங்கிவிட்டது. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, “புத்தி பேதலிச்சுப் போச்சு உனக்கு” என்றாள். “ஆமா, அப்படியே வெச்சுக்கோ” என்று கதவைச் சாத்தினேன். அவளிடம் ஆயுசில் முதல்முறையாக.

மார்ச் 29

இன்றைக்கும் இல்லை. கடவுளே, எனக்கு இந்த வாள், கோட்டை ஒன்றும் வேண்டாம். அவன் மூச்சு விடுகிறான் என்று மட்டும் காட்டு.

ஏப்ரல் 2

உட்கார்ந்திருந்தேன். சிவப்புக் கவசக்காரன் ஒருவன் வாளை ஓங்கினான். நடுவே இன்னொருவன் பாய்ந்து அவனை வெட்டிச் சாய்த்தான். வைக்கோல் தொப்பி! ஆனால் தலைக்குமேல் ஈரவிறகு இல்லை. பெயரை மாற்றியிருக்கிறான்.

‘பூட்டு மாத்திட்டியா’

எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டுச் சாவி ஒன்று அவனிடமே இருப்பது நினைவுக்கு வந்ததும் வாய்விட்டுக் கத்திவிட்டேன். இல்லடா! எதுக்குடா மாத்தறேன்! மிஷின் கேட்குமா? என் பெயரை மாற்றப் பொத்தானைத் தேடுவதற்குள் அவன் போய்விட்டான்.

மாற்றிவிட்டேன். ‘பழைய பூட்டுதான்’. வேறென்ன சொல்ல? அவனுக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதானே.

ஏப்ரல் 3

துறைக்கு வந்தான். என் பெயருக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். வாளைக் கீழே வைத்தான். இரண்டுபேரும் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். வேறொருத்தன் வெட்ட வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

ஏப்ரல் 4

வரவில்லை. எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 6

வேலை முடிந்து வந்தேன். குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. காலையில் நான் துடைத்துவிட்டுத்தான் போனேன்.

வாசலில் சிலிண்டர்க்காரர் தடதடவென்று உருட்டிக்கொண்டு வந்தார். ஓடிப்போய் வாயில் விரல் வைத்தேன். “உருட்டாதீங்க, மெதுவாத் தூக்கி வைங்க.”

“ஏம்மா, யாருக்கு உடம்பு சரியில்ல?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல. பையன் தூங்கறான்.”