சூடேறினால் சேராத வளையங்கள்

ஜூன் 12, 2025

எனக்கு எழுத்து வராது. கம்பெனியில் வேலை பார்க்கும் சத்யப்பிரியா பாப்பா போனில் ஒரு வழி செய்து தந்திருக்கிறாள். நான் பேசப் பேச அது எழுதிக்கொள்கிறது. தினம் பேசுங்க தாத்தா என்றாள். வீட்டில்தான் பேச ஆள் இல்லையே.

என் வீட்டுக்காரி அழகுத்தாய் பங்குனியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். அவள் அக்கா கனகலட்சுமிக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அக்கா இப்போது நடக்கிறாள். இவள் திரும்பவில்லை.

அரை மணி பஸ் தூரம். அதுதான் கொடுமை. துபாய் என்றால் மனசு அடங்கிக் கிடக்கும்.

ஜூன் 15

போனேன். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். அழகுத்தாய் பொட்டலத்தைப் பார்த்தாள். "ஏங்க, கடலுக்குப் போறவுக உப்பு வாங்கிட்டா போவாக?" அக்காக்காரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எப்ப வாரே என்றேன்.

"வாரேன், வாரேன்."

ஜூன் 19

காலையில் கூப்பிட்டேன். மத்தியானம் கூப்பிட்டேன். சாயங்காலம் எடுக்கவில்லை.

ஜூலை 3

நான் வாட்ச்மேனாக இருப்பது ஆபரேஷன் தையலுக்கு நூல் செய்கிற கம்பெனி. உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் நூல். பாப்பா புதுசாக ஒன்று செய்து பார்க்கிறாள். வெள்ளைப் பொடியை உருக்கினாள்.

"இதுல ஒவ்வொண்ணும் ஒரு குட்டி வளையம் தாத்தா. உள்ளுக்குள்ள ஒரு முறுக்கத்தோட நிக்கும். திறந்துட்டா ஒண்ணோட ஒண்ணு கோத்துச் சங்கிலியாயிரும்."

தொறக்காட்டி?

"தனியாவே கெடக்கும்."

சத்திரப்பட்டி பேண்டேஜ் தறிக்கூடத்தில் அழகுத்தாயை முதலில் பார்த்தபோது அவள் இடது புருவத்தில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று சங்கு ஊதும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புருவம் இப்போது நரைத்துவிட்டது. அவள் வீட்டில் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் அல்லவா?

ஜூலை 21

முதலாளி சோலைராஜ் வந்தார். ஆடிப்பூரத் தேர் லீவுக்கு முன்னால் முடிக்க வேண்டுமாம். "சூட்ட ஏத்தும்மா, சட்டுன்னு சேரும்ல?" பாப்பா வேண்டாம் என்றாள். அவரே திருகிவிட்டார். இறுகிக்கொண்டு வந்த பாகு சாயங்காலம் தண்ணீராக ஓடியது.

"போச்சு. கொட்டிரு."

"கெடல சார். இது சாதா வளையம் இல்ல, ரெண்டு பக்கமும் கை மாதிரி ஒண்ணு ஒட்டவச்ச வளையம். சூடு மிஞ்சினா சங்கிலியக் கழத்திக்கிட்டுத் தனியா அலையத்தான் பாக்கும். தணிஞ்சா திரும்பக் கோக்கும்."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும் இல்ல. கொஞ்சம் எப்பவும் வளையமாவே நின்னுக்கிடும்."

சூட்டைக் குறைத்துவிட்டு உட்கார்ந்தாள். கை வைக்கவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

இன்று அழகுத்தாயை நான் கூப்பிடவில்லை. கை போனுக்குப் போனது — இழுத்துக்கொண்டேன்.

ஜூலை 28

தேர். போகவில்லை. அவள் வடம் தொட்டுக் கும்பிட்டிருப்பாள். எனக்கும் சேர்த்தா?

ஆகஸ்ட் 2

அவளே கூப்பிட்டாள்!

"என்ன, சத்தத்தையே காணோம்? இருக்கீகளா இல்லியா?"

இருக்கேன் ஏட்டி.

"எப்ப வாரே, எப்ப வாரேன்னு உசுர எடுத்தீகளே, என்ன ஒரு வார்த்த பேசவிட்டீகளா? அக்காள விட்டுட்டு வர எனக்கு மனசில்ல. கூடப் பொறந்தவளோட இப்பத்தான் உக்காந்து சிரிக்கேன். நீங்க இங்க வாங்க."

இந்த வயசுல வீட்டோட மாப்பிள்ளையா?

"ஆமா, பல்லு போன மாப்பிள்ளை. வாங்க."

போனை வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். நான் கட்டியது. நான் வைத்த கதவு, நான் போட்ட பூட்டு. உள்ளே நான் மட்டும். அவள்தான் வர வேண்டும் என்று எதற்காக நினைத்துக்கொண்டிருந்தேன்?

ஆகஸ்ட் 29

மழை. கனகலட்சுமி வீட்டிலிருந்து வேலைக்கு வந்துபோக ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. புது நூலை இழுத்துப் பார்க்கப்போறோம், செத்த நேரம் இருங்க தாத்தா என்றாள் பாப்பா. நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். இந்த பஸ்ஸை விட்டால் அழகுத்தாய் குடையைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்பாள்.