பானெட்டில் வைத்த பொட்டு

2.9.94, வெள்ளி

பாலவனத்தம் பருத்தி வியாபாரியின் காரைப் பெயிண்ட் வேலை முடித்து இன்று கொடுத்துவிட்டேன். வெயிலில் பானெட்டின் மேல்பூச்சு தோலாக உரிந்திருந்தது. முழுக்கத் தேய்த்தெடுத்துவிட்டுத்தான் புது லேக்கர் பூச்சு அடித்திருக்க வேண்டும். மகள் கல்யாணம் என்று அவர் அவசரப்படுத்த, நானும் உரிந்த இடங்களின் ஓரங்களைத் தேய்க்காமல் அடித்துவிட்டேன்.

காலையில் பார்த்தால் பானெட்டின் நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். அதற்குள் அவர் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். சட்டென்று அதன்மேல் சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தேன்.

"பொட்டெல்லாம் வச்சில்ல குடுக்கீக!" என்றவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கல்யாணம் முடியிற வரைக்கும் இத யாரும் தொடைக்கக் கூடாது" என்று டிரைவரிடம் சொன்னார்.

பெண் அழைப்புக்கு என்னையும் அதே காரில் வரச் சொல்லியிருக்கிறார். முன்சீட்டில் உட்கார வேண்டுமாம். பொட்டு நேரெதிரே இருக்கும்.